ஆனைக் கொட்டாய் இருக்கு, ஆனை பாக்கல

ஆரணிக்கு, பட்டு ஆரணி இல்லை, கும்மிடிப்பூண்டிப் பக்கத்து ஆரணிக்கு, இன்னும் மூன்று கிலோமீட்டர் இருந்தது. தோளில் ஒரு துணிப்பை. அதில் இரண்டு சட்டை, ஒரு லுங்கி, பாதி சோப்பு. பதினெட்டு வருஷமாக வேலை மாறும்போதெல்லாம் என்னோடு வந்தது இவ்வளவுதான். சோப்பு மட்டும் அவ்வப்போது மாறும். அரண்மனையை விட்டு வெளியேறி நடந்துகொண்டிருந்தேன் என்று எழுதினால் ஏதோ நாடு இழந்த இளவரசன் மாதிரி இருக்கிறது. அங்கே எனக்குப் புல் வெட்டும் வேலை.

வழக்கமாக நான் ஓர் இடத்தைவிட்டுக் கிளம்பினால் போய்ச் சேர வேண்டிய இடம் என்று ஒன்று இருக்காது. அன்றைக்கு இருந்தது. கவரைப்பேட்டையில் ஒரு வீட்டுக்குப் போய், அங்கே இருக்கும் மாமியாரிடம், "அந்த மரத்தைப் பற்றி நான் சொன்னதெல்லாம் பொய், உங்கள் மருமகளை ஆஸ்பத்திரிக்கு அனுப்புங்கள்" என்று சொல்ல வேண்டும். அனுப்பியவள் அரண்மனையின் காவல்காரி. ஆரணியில் கவரைப்பேட்டைக்கும் பஸ் கிடைக்கும், சென்னைக்கும் பஸ் கிடைக்கும். என்னைத் தெரிந்தவர்கள் யாருக்கும் நான் எதில் ஏறுவேன் என்பதில் சந்தேகம் இருந்திருக்காது. எனக்கே இல்லை.

இது நடந்து சில வருஷங்கள் ஆகின்றன. அதற்குப் பிறகு நான் அந்தக் காவல்காரியைப் பார்க்கவில்லை.

அவளுக்கு நாற்பது வயது இருக்கும், என்னைவிட இரண்டு மூன்று கூட. புடவைக்கு மேலே ஒரு ஆம்பளைச் சட்டை போட்டு முழங்கைவரை மடித்துவிட்டிருப்பாள். இடுப்பில் ஒரு சாவிக்கொத்து. அதில் பதினொரு சாவி. அரண்மனையில் மொத்தம் நான்கு பூட்டுதான் இருந்தது.

"மத்த ஏழு சாவி எதுக்குக்கா?" என்று ஒருநாள் கேட்டேன்.

"தெரியாது. எங்க மாமியார் குடுத்தாங்க."

"தூக்கிப் போட வேண்டியதுதானே?"

"அப்பால பூட்டு வந்துச்சுன்னா இன்னா பண்றது?"

அரண்மனை ஆரணிக்கு மேற்கே வயல்களுக்கு நடுவில் இருந்தது. சின்ன ஜமீன். சுண்ணாம்பும் செங்கல்லும் வைத்துக் கட்டிய இரண்டு மாடி, முன்னால் எட்டுத் தூண், ஜன்னல்களின் மேல்வளைவில் உடைந்தது போக மிச்சமிருந்த கலர் கண்ணாடி. பின்னால் தோட்டம். வாரிசுகள் சென்னையில் இருந்தார்கள். அவர்களுடைய மேனேஜர் ஒருவர் கல்யாண ஜோடிகள் வந்து போட்டோ எடுத்துக்கொள்ள அதை வாடகைக்கு விட்டார். அவளுடைய புருஷன் வீட்டார் மூன்று தலைமுறையாக அந்தத் தோட்டத்தில் வேலை செய்தவர்கள். புருஷனும் மாமியாரும் செத்தபிறகு, பழைய சமையல்கட்டில் அவள் மட்டும் குடியிருந்தாள்.

அவளிடம் அரண்மனையின் சரித்திரம் கேட்டவர்கள் பாவம். அவளுக்குத் தெரிந்தது இரண்டு வகை. ஒன்று, தன் கண்ணால் பார்த்தது. இரண்டு, பார்த்தவர் வாயால் கேட்டது. கேட்டதாக இருந்தால் யார் சொன்னது என்று பேரோடு சொல்வாள். இந்த இரண்டிலும் சேராத எல்லாவற்றுக்கும் ஒரே பதில்தான்: "தெரியாது."

சென்னையிலிருந்து வந்த ஒரு பெரிய மனிதர் கேட்டார். "இந்தத் தோட்டம் ராஜா போட்டதாம்மா?"

"ராஜா போட்டாருன்னு பலகையில எழுதியிருக்குது சார். குழி தோண்டினது எங்க ஊட்டுக்காரரோட தாத்தா. செடிங்க மெட்ராஸ்ல இருந்து மாட்டு வண்டியில வந்துச்சு. வழியில ரெண்டு வண்டிச் செடி காஞ்சு போச்சு. அதுக்கு அவரு உதை வாங்கினாரு. எங்க மாமனார் சொன்னது."

"யானையெல்லாம் இருந்ததா?"

"ஆனைக் கொட்டாய் இருக்கு. ஆனை பாக்கல."

"பின்னே அதுக்குள்ள என்ன இருந்தது?"

"நான் பாத்தப்போ வைக்கோல்."

பெரிய மனிதர் வெயிலுக்குப் பயந்து காருக்குள் போய் உட்கார்ந்துகொண்டார். அவரிடம் யானையைப் பற்றிச் சொல்ல நான் காரின் கண்ணாடியைத் தட்டினேன். என்னுடைய சரித்திரப் பணி அங்கேதான் ஆரம்பித்தது.

நான் எட்டாம் வகுப்பு பாதியில் விட்டவன். பரீட்சையில் சரித்திரத்துக்கு மட்டும் பக்கம் பக்கமாக எழுதுவேன். வாத்தியார் என் தாளை மற்ற வாத்தியார்களுக்குப் படித்துக் காட்டிச் சிரிப்பாராம். அந்தத் திறமை இருபத்தைந்து வருஷம் கழித்துத் தேவைப்பட்டது. மேனேஜர், "நீ நல்லா பேசற, நீயே சுத்திக் காட்டு" என்றார். அவள் காலத்தில் ஒன்றுகூட இல்லாமல் இருந்த யானை என் கையில் ஒன்றாகி, ஒரே மாதத்தில் மூன்றாகிவிட்டது. ஒன்றுக்குப் பேரும் வைத்தேன்.

அவள் சண்டை போடவில்லை. ஒருநாள் வாளியோடு என்னைக் கடந்து போகும்போது, "யப்பா, மூணு ஆனை அந்தக் கொட்டாய்ல நிக்காது. அளந்து பாத்துட்டுச் சொல்லு" என்றாள்.

சாயங்காலம் போய் அளந்து பார்த்தேன். அடுத்த நாளிலிருந்து இரண்டாகக் குறைத்துக்கொண்டேன். எனக்கும் கொஞ்சம் நேர்மை உண்டு.

தோட்டத்தின் ஒரு பகுதியைச் சுற்றி ஆள் உயரத்துக்கு மேல் மதில் இருந்தது. அதற்குப் பேர் ராணி தோட்டம். தண்ணீர் ஊற்றும் பெண்கள் விடிவதற்குள் சின்ன வாசல் வழியாக வந்து, வேலையை முடித்து, ராணி இறங்கி வருவதற்குள் போய்விட வேண்டும் என்பது அந்தக் காலத்துச் சட்டமாம். ராணி அந்தப் பெண்களைப் பார்த்ததில்லை, அவர்களும் ராணியைப் பார்த்ததில்லை.

"ராணியம்மா எப்படி இருப்பாங்களாம்?" என்று நான் கேட்டதற்கு அவள் சொன்னது இது:

"எங்க மாமியார் சின்னப் பொண்ணா இருக்கிறப்போ அங்க தண்ணி ஊத்தினாங்க. அவங்க பாத்தது மண்ணுல காலடி மட்டும்தான். எடது கால் வெளியில பாத்து விழுந்திருக்குமாம். கொஞ்சம் சாய்ச்சு நடந்திருப்பாங்க போலக்குது. அவ்ளோதான் தெரியும்."

நான் சொல்லிக்கொண்டிருந்த ராணி அன்னம் மாதிரி நடப்பாள். அதை நான் மாற்றவில்லை.

அவளுக்கு இன்னொரு பழக்கமும் உண்டு. தோட்டத்தில் போட்டதைப் போட்டவரே எடுக்க வேண்டும். போட்டோ எடுக்க வருகிறவர்கள் கலர் காகிதத் தூளை வெடித்துப் பறக்கவிடுவார்கள். முடிந்ததும் அவள் ஒரு கூடையைக் கொண்டுவந்து மாப்பிள்ளையின் காலடியில் வைப்பாள். ஒரு தடவை ஒரு மணப்பெண் பாவாடையைத் தூக்கிக் கட்டிக்கொண்டு புல்லுக்குள் குந்தி அரைமணி நேரம் பொறுக்கினாள். போட்டோகிராபர் அதையும் படம் பிடித்தான். அன்றைக்கு எடுத்ததில் அதுதான் நல்ல படம் என்று பிறகு சொன்னானாம். இந்த "சொன்னானாம்" எனக்கு வந்த வழி தெரியவில்லை. நானே சேர்த்ததாகக்கூட இருக்கலாம்.

மகிழமரம் விஷயத்துக்கு வருகிறேன். எவ்வளவு தள்ளிப்போட்டாலும் வரத்தான் வேண்டும்.

ராணி தோட்டத்தில் ஒரு பெரிய மகிழமரம். அதன் கீழே நின்று ஒரு மணப்பெண், "இந்த மரத்துக்கு ஏதாச்சும் ஸ்டோரி இருக்கா அண்ணா?" என்றாள். இல்லை என்று சொல்லியிருக்கலாம். என் வாய் அப்படிப் பழகவில்லை. ராணிக்குப் பன்னிரண்டு வருஷம் குழந்தை இல்லை, வைத்தியர்கள் கைவிட்டார்கள், ராணி இந்த மரத்தில் தன் பட்டுப்புடவையைக் கிழித்துத் தொட்டில் கட்டினாள், பத்தாம் மாதம் ஆண் குழந்தை என்று ஒரே மூச்சில் சொல்லிவிட்டேன். வைத்தியர்களை எதற்காகக் கைவிட வைத்தேன் என்று இன்றும் தெரியவில்லை. கதைக்கு அழகாக இருந்தது.

அந்தப் பெண் அதை வீடியோவாகப் போட்டாள். அடுத்த வெள்ளிக்கிழமை இரண்டு பெண்கள் மஞ்சள் துணியோடு வந்தார்கள். ஒரு மாதத்தில் கிளையெல்லாம் தொட்டில். மரத்தடியில் பால், மஞ்சள், கற்பூரம், எண்ணெய் விளக்கு. கம்பெனி வேலைக்குப் போகிற பெண்கள் ஷிப்ட் முடிந்து நேராக வந்தார்கள். மேனேஜர் மரத்தடியில் ஒரு உண்டியலும் ராணி படம் போட்ட ஒரு பேனரும் வைத்தார். பேனரில் இருந்தது முன்பு போட்டோ எடுக்க வந்துபோன ஏதோ ஒரு மணப்பெண். தலையில் கிரீடத்தை மட்டும் கம்ப்யூட்டரில் வைத்திருந்தார்கள்.

வந்தவர்கள் காவல்காரியிடமும் கேட்பார்கள். அவள், "எனக்குத் தெரியாது, நான் பாக்கல" என்பாள். அவளுடைய அந்தத் "தெரியாது" எப்படியோ மரத்தின் மகிமையை ஏற்றிவிட்டது. 'பாரு, ரகசியத்தை வெளிய சொல்ல மாட்டேங்குறா' என்று பேசிக்கொண்டார்கள்.

ஒவ்வொரு சாயங்காலமும் அவள், வந்தவர்கள் வேரில் ஊற்றிய பாலையும் எண்ணெயையும் தண்ணீர் விட்டுக் கழுவினாள். மரத்தின் தெற்குப் பக்கம் இலை உதிர ஆரம்பித்திருந்தது. "தொட்டில் கட்டிக்கோங்கம்மா. பால் ஊத்தாதீங்க. மரம் பால் குடிச்சு நான் பாத்ததில்ல" என்று சொல்லிப் பார்த்தாள். என்னிடம் ஒரே ஒரு தடவை, "நீ போட்டதை நீதான் பொறுக்கணும்" என்றாள். நான் கலர் காகிதத்தைப் பற்றிச் சொல்கிறாள் என்பதுபோல முகத்தை வைத்துக்கொண்டு அரிவாளைத் தீட்டினேன்.

நான் கிளம்பிய அந்த வெள்ளிக்கிழமை, கவரைப்பேட்டையிலிருந்து வழக்கமாக வரும் ஒரு பெண் மரத்தடியில் மயங்கி விழுந்தாள். முப்பது வயதுக்குள் இருக்கும். ஒரு பிளாஸ்டிக் கம்பெனியில் பேக்கிங் வேலை செய்கிறவள். காவல்காரி அவளைத் தூக்கிக் கொண்டுபோய்ச் சமையல்கட்டில் படுக்கவைத்து, தண்ணீர் கொடுத்து, மாற்றுப் புடவை கொடுத்து, கதவைச் சாத்திக்கொண்டு வெகுநேரம் பேசினாள். பிறகு வெளியே வந்து என்னைக் கூப்பிட்டாள்.

"வா இங்க. இந்தப் பொண்ணுக்குக் கர்ப்பப்பையில கட்டி. உதிரம் போய்க்கினே இருக்குது. ஆஸ்பத்திரியில ஆபரேஷனுக்குத் தேதி குடுத்து மூணு வாரம் ஆவுது. மாமியார் வேணான்னுட்டாங்களாம். 'ராணி கத்தி வெச்சுக்கினாளா?'ன்னு கேட்டாங்களாம். நீ சொல்லு. ராணி கத்தி வெச்சுக்கினாளா?"

அந்தப் பெண் சுவரில் சாய்ந்து உட்கார்ந்திருந்தாள். உதடு வெளுத்திருந்தது. நான் சொன்னேன், "இல்லக்கா, அது வந்து, பெரியவங்க சொல்லுவாங்க..."

"எந்தப் பெரியவங்க? பேரு சொல்லு."

அரண்மனையில் நான் எத்தனையோ பேர் வைத்திருக்கிறேன். யானைக்கு, குதிரைக்கு, குதிரைக்காரனுக்கு. அந்த நேரத்தில் ஒரு பேரும் வரவில்லை.

"நான்தான்" என்றேன். "நானா கட்டிவிட்டது."

காவல்காரி அந்தப் பெண்ணின் பக்கம் திரும்பினாள். "கேட்டுக்கினியா? ராணிக்குக் கொழந்தைங்க அஞ்சு. அந்த அஞ்சுக்கும் தொட்டில் துணி தோச்சது எங்க மாமியார். கல்லு இன்னும் கெணத்தாண்ட கெடக்குது."

அந்தப் பெண் என்னைத் திட்டவில்லை. "எனக்குச் சொல்லி இன்னா பிரயோஜனம்ணா? எங்க மாமியாருக்குச் சொல்லு" என்றாள். வீட்டு அடையாளமும் சொன்னாள்.

போட்டோ எடுக்க வந்திருந்தவர்களின் காரில் அவளை ஏற்றி அனுப்பினோம். காரில் எனக்கு இடமில்லை. இடம் இருந்திருந்தாலும் ஏறியிருக்க மாட்டேன். நான் பையை எடுத்துக்கொண்டேன். இது வெளியே தெரிந்தால் மேனேஜர் எப்படியும் என்னை வைத்திருக்கப் போவதில்லை.

"நீயும் கூட வாக்கா. நீ சொன்னா நம்புவாங்க."

"நான் வந்தா நான் சொன்னதா ஆயிடும். நீ போ." கேட் வரை வந்தாள். "இனிமே மரத்தைப் பத்தி யாராச்சும் கேட்டா, கட்டிவுட்டவனே என் எதிர்ல ஒத்துக்கினான்னு சொல்லுவேன். இப்போ எனக்குத் தெரியும். ஆனா நீ கவரைப்பேட்டைக்குப் போய்ச் சொன்னியான்னு கேட்டா, தெரியாதுன்னுதான் சொல்லுவேன்."

கேட்டைப் பூட்டினாள். சரியான சாவி நான்காவது தடவைதான் அகப்பட்டது.

ஆரணியில் சென்னை பஸ்தான் முதலில் வந்தது. ஒரு காலைப் படியில் வைத்துவிட்டேன். கண்டக்டர், "ஏறுய்யா, ஏறு" என்றார். காவல்காரி என்னைத் திட்டியிருந்தால் ஏறியிருப்பேன். திட்டு வாங்கிக்கொண்டு பஸ் ஏறுவது எனக்குப் பழக்கம், ஜன்னல் ஓரம் உட்கார்ந்தால் சென்னை வருவதற்குள் மறந்துவிடும். தெரியாது என்று மட்டும் சொல்லி அனுப்பினால் என்ன செய்வது என்று எனக்குத் தெரியவில்லை. காலை எடுத்தேன். கண்டக்டர் மட்டும் திட்டினார்.

கவரைப்பேட்டையில் ரயில் பாதைக்கு அந்தப் பக்கம், சிமென்ட் ஷீட் போட்ட இரண்டு அறை வீடு. மாமியார் வாசற்படியில் உட்கார்ந்து அவரைக்காய் நறுக்கிக்கொண்டிருந்தாள். மருமகள் உள்ளே படுத்திருந்தாள்.

"யாருய்யா நீ?"

"அரண்மனையில இருந்து வரேன்மா."

அவ்வளவுதான், எழுந்து நாற்காலி கொண்டுவந்து போட்டாள். எதிர்வீட்டைப் பார்த்து, "மரத்தாண்ட இருந்து வந்துகிறாரு" என்று குரல் கொடுத்தாள். சொம்பில் தண்ணீர் வந்தது. அவ்வளவு மரியாதையோடு யாரும் என்னை அதற்குமுன் உட்காரவைத்ததில்லை. உட்கார்ந்துகொண்டே சொன்னேன், அந்தக் கதை பொய், நான் கட்டிவிட்டது என்று.

அவள் சிரித்தாள். "நீயா? நீ எப்போ பொறந்தே, மரம் எப்போ பொறந்துது?"

"மரம் நெஜம்மா. கதைதான் பொய்."

"ராணியே உன் வாயில வந்து சொல்லியிருப்பா. உனக்கு இன்னா தெரியும்? எங்க ஊர்ல சாமி வந்து சொல்றவனுக்கு இன்னா சொன்னோம்னு அவனுக்கே தெரியாது."

என் வாழ்நாளில் முதல் தடவையாக வலிய வந்து உண்மை பேசுகிறேன், அதற்கு இந்த வரவேற்பு. எதிர்வீட்டிலிருந்து இரண்டு பேர் கும்பிட்டுக்கொண்டே வந்து நின்றார்கள். நான் இரண்டு தடவை தலையில் அடித்துச் சத்தியம் செய்தேன். அதைப் பார்த்து, அருள் வருகிறது என்று ஒருத்தி பின்னால் நகர்ந்தாள்.

கடைசியில் என் சொந்தச் சரக்கை விட்டுவிட்டுக் காவல்காரி சொன்னதைச் சொன்னேன். "ராணிக்குப் புள்ளைங்க அஞ்சும்மா. தொட்டில் துணி தோச்சது அங்க இருக்கிற காவல்காரியோட மாமியார். தோய்க்கிற கல்லு இன்னும் கெணத்தாண்ட கெடக்குது."

அவரைக்காய் நறுக்குவது நின்றது.

"துணி தோச்சவளே சொன்னாளா?"

"ஆமாம்மா. மருமகள்கிட்ட சொல்லிக்கிறாங்க."

"அஞ்சா?"

"அஞ்சு."

அவள் அரிவாள்மனையை மடக்கி வைத்தாள். "நானும் மூணு ஊட்ல துணி தோச்சேன்" என்றாள், யாரையும் பார்க்காமல். "ஊட்ல இன்னா நடக்குதுன்னு தோய்க்கிறவளுக்குத் தெரியும். எவனுக்கும் முன்னாடி தெரியும்." பிறகு உள்ளே பார்த்து, "ஏழுமலை" என்று மகனைக் கூப்பிட்டாள். "அந்த ஆஸ்பத்திரிச் சீட்டு எங்க வெச்சுக்கிறே? எடு."

எதிர்வீட்டுக்காரிகள் ஏமாற்றத்தோடு போய்விட்டார்கள். உள்ளே படுத்திருந்த பெண் சுவர்ப்பக்கம் திரும்பி அழுகிற சத்தம் கேட்டது.

எந்தச் சனிக்கிழமை காலையில் வந்தாலும் சேர்த்துக்கொள்வதாக ஆஸ்பத்திரியில் சொல்லியிருந்தார்கள். கையெழுத்துப் போடப் புருஷன் வர வேண்டும். மறுநாள்தான் சனிக்கிழமை. ஏழுமலை கும்மிடிப்பூண்டியில் கம்பிக் கம்பெனி ஒன்றில் லோடு ஏற்றும் கான்ட்ராக்ட் ஆள். சீட்டைக் கையில் வைத்துக்கொண்டு நின்றான்.

"லீவு போட்டா அந்த எடத்துல வேற ஆளைப் போட்ருவாங்கம்மா. போன மாசமே ரெண்டு நாள் போட்டாச்சு."

"பின்ன இன்னா பண்ணப் போறே?"

"மாத்து ஆள் அனுப்பினா கான்ட்ராக்டர் ஒண்ணும் கேக்க மாட்டான். தலை எண்ணிக்கைதான் அவனுக்கு."

சொல்லிவிட்டு என்னைப் பார்த்தான். அம்மாவும் பார்த்தாள். எனக்குப் பின்னால் யாராவது நிற்கிறார்களா என்று நானும் திரும்பிப் பார்த்தேன்.

"உங்களுக்கு நாளைக்கு வேலை ஏதாச்சும் இருக்குதாண்ணா?"

காலையில் ஐந்தரைக்கு அவனுடைய காக்கிச் சட்டையைப் போட்டுக்கொண்டு கம்பெனி கேட்டில் நின்றேன். தோள் இறுக்கமாக இருந்தது. நாற்பது பேர் வரிசையாக நின்றோம். கான்ட்ராக்டரின் ஆள் ஒரு அட்டையில் காகிதத்தைச் செருகி வைத்துக்கொண்டு, தலை நிமிராமல் பேர் படித்துக்கொண்டே வந்தான்.

"ஏழுமலை."

"இருக்கேன் சார்" என்றேன்.

ஒரு கையுறை கொடுத்தார்கள், வலது கைக்கு மட்டும். கம்பிக் கட்டின் ஒரு முனையை நான் பிடித்தேன். மறுமுனையை ஒரு பீகார்க்காரர் பிடித்தார். தூக்கினோம்.